அவர் விட்ட சோறு

எங்கள் ஊரில் ஓர் ஆண் சோற்றை விட்டால் அது செய்தி. "இப்பல்லாம் சோறே தொடுறதில்லைங்க, மூணு மாசத்துல எட்டு கிலோ இறங்கிட்டேன்" என்று டீக்கடை வாசலில் அவர் சொல்வார். சர்க்கரை போடாத டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் மரியாதையாகக் கேட்பார்கள். குடியை விட்டவர், பீடியை விட்டவர் வரிசையில் சோற்றை விட்டவருக்கும் இப்போது ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன. அவர் விட்ட சோறு எங்கே போயிற்று? சோறு இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததைச் செய்தது யார்?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே ஆள். பிள்ளைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் உலை வைத்தே ஆக வேண்டும். பத்து வருஷமாக ஒரே ஆழாக்கில் அரிசி அளந்த கை ஒரே நாளில் குறைத்து அளக்காது. மிஞ்சுகிற சோற்றைக் கொட்ட மனம் வராது. இந்த மண்ணில் சோற்றைக் கொட்டுவது பாவம். ஆகவே அது மதியம் மூன்று மணிக்கு, ஆறிப்போன ரசத்தோடு, அவள் வயிற்றுக்குப் போகிறது. அவர் குறைத்த மாவுச்சத்து வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. தட்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சோற்றின் இடத்தில் அவருக்கு வைக்கப்பட்ட காலிபிளவர் மசியலையும் அவளேதான் மசித்தாள்.

அந்த மசியலைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

நான் திருக்காட்டுப்பள்ளிக்காரி. கல்லணை தாண்டி வரும் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடம். ஒரு பக்கம் வாழைக்கொல்லை, மறுபக்கம் நெல். இங்கே சாப்பாடு என்றால் சோறு. காலையில் ஆறு இட்லி தின்றவரும் பதினொரு மணிக்கு "இன்னும் சாப்பிடல" என்பார். இட்லி, தோசை, பொங்கல் எல்லாம் டிபன் கணக்கு. பிள்ளைக்கு முதலில் ஊட்டுவது சோறு. செத்தவருக்குக் கடைசியாகப் போடுவது வாய்க்கரிசி. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மருத்துவர் "அரிசியைக் குறைங்க" என்று சொன்னால் அவர் ஒரு பதார்த்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு வீட்டின் அடுப்பு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்.

அவர் சொல்வது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே 100 கிராம் காலிபிளவரில் 5 கிராம்தான். மூன்று கரண்டி சோறு வைக்கும் இடத்தில் ஒரு கரண்டி சோறும் ஒரு கிண்ணம் மசியலும் வைத்தால் சாப்பிட்டபின் ஏறுகிற சர்க்கரை குறையும். இதில் மாயம் ஒன்றுமில்லை, ஏமாற்றும் இல்லை. என் சண்டை காலிபிளவரோடு இல்லை. அந்தக் கணக்கில் ஒரு ஆளின் உழைப்பும் ஒரு ஆளின் உடம்பும் எழுதப்படாமல் விடுபட்டிருக்கின்றன. சண்டை அதற்காக.

முதலில் உழைப்பு.

மசியல் எங்களுக்குப் புதிதில்லை. கருணைக்கிழங்கு மசியல், சேனை மசியல், கீரை மசியல் என்று கல்சட்டியில் போட்டு மத்தால் கடைந்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள். காலிபிளவர் மசியல் வந்த வழி வேறு. பூவே இங்கே வந்து இருநூறு வருஷம்தான் ஆகிறது. 1822ல் ஆங்கிலேயர் விதை கொண்டுவந்து வடக்கே சகாரன்பூரில் பயிரிட்டார்கள். மசியலாக அது பெயர்பெற்றது அமெரிக்காவில். அங்கே இறைச்சிக்குப் பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு வைப்பது வழக்கம். 1972ல் ராபர்ட் அட்கின்ஸின் உணவுமுறைப் புத்தகம் வந்தபிறகு மாவுச்சத்தைக் குறைக்க நினைத்தவர்கள் பெருகினார்கள். உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் காலிபிளவரை மசித்து வைக்கும் பழக்கமும் பரவியது. ஒன்றை எடுத்தார்கள், ஒன்றை வைத்தார்கள். ஒரு பாத்திரம் போய் ஒரு பாத்திரம் வந்தது. கணக்கு நேர்.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பேலியோ, லோ கார்ப் என்ற பெயர்களோடு அது தமிழ்நாட்டுக்கு வந்தபோது கணக்கு கோணிவிட்டது. இங்கே அது மாற்றவேண்டியது தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்தை அல்ல, சாப்பாட்டையே. வீட்டில் மற்றவர்கள் சாப்பாட்டை விடத் தயாரில்லை. ஆகவே சோற்றுப்பானை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் மசியல். மசியலோடு சாப்பிட அவருக்கு முட்டை அல்லது மீன். ஒரு வீட்டுக்குள் இரண்டு சமையல். சமைக்கிற ஆள் மட்டும் பழைய ஆள்தான்.

செய்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பூவைக் கவிழ்த்து இலையைக் கிள்ளி, தண்டைச் சீவி, சின்னச் சின்னப் பூவாகப் பிரிக்க வேண்டும். அடியில் பச்சைப் புழு ஒண்டிக்கொண்டிருக்கும். மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்ட சுடுதண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைக்க வேண்டும். தண்ணீரிலேயே வேகவிட்டால் கஞ்சியாகிவிடும் என்பதால் இட்லிப் பானையில் ஆவியில் வைக்க வேண்டும். அதிகம் வெந்தால் ஒரு வாடை கிளம்பும். குறைவாக வெந்தால் மசியாது. வெந்ததைப் பழைய வேட்டித் துணியில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முறுக்கிப் பிழிய வேண்டும். பிழியாமல் விட்டால் தட்டில் தண்ணீர் ஓடும். பிறகு மத்தால் மசித்து, கொஞ்சம் வெண்ணெயில் பூண்டும் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகுத்தூள் தூவி இறக்க வேண்டும். பார்க்க மலைபோல இருந்த ஒரு முழுப் பூ, பிழிந்து மசித்தபின் ஒருவருக்கு ஒரு வேளைக்கு வரும். ஆறினால் அவருக்குப் பிடிக்காது. மறுவேளைக்கு மறுபடி.

நறுக்குவதில் தொடங்கித் துணியை அலசிக் காயப்போடுவது வரை எனக்கு 40 நிமிஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 243 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பிரித்தால் முப்பது நாள். வருஷத்தில் ஒரு மாதத்து முழுநேர வேலை. இதற்குக் கூலி கிடையாது, லீவு கிடையாது. டீக்கடையில் எட்டு கிலோ இறங்கிய கதை சொல்லப்படும்போது இதற்குப் பெயரும் கிடையாது.

மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2024ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88ம் வீட்டுவேலையில் கைவைக்கிற ஆண்களின் கணக்கு மட்டுமே. 2019ல் இதே கணக்கெடுப்பு சொன்னபடி, அப்படிக் கைவைக்கிறவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். மீதி 74 பேர் கணக்கிலேயே வரவில்லை. காலிபிளவர் மசியலின் 40 நிமிஷம் இந்த 289ன் தலையில்தான் ஏறும். 88ன் தலையில் ஏறாது.

அந்த ஏற்றிவைப்பு எங்கே நடக்கிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று அவர்தான் மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ரத்தம் அவருடையது, ரிப்போர்ட் அவருடையது, வயிறு அவருடையது. மாத்திரையைப் பற்றி மருத்துவர் அவரிடம் பேசினார். நடைப்பயிற்சியைப் பற்றியும் அவரிடமே பேசினார். சாப்பாடு என்ற பேச்சு வந்ததும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அம்மா, இனிமே உங்க கையிலதான் இருக்கு. சோறு கம்மி, காய் நிறைய, காலிபிளவர் மாதிரி மசிச்சுக் குடுங்க." அச்சடித்த ஒரு தாளும் என் கையில்தான் வந்தது. என் வீட்டுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியும். அவருக்குக் கையும் இருக்கிறது.

இது ஒரு மருத்துவரின் குணம் என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ பெண்கள் இதே கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நோயாளி ஆணாக இருந்தால் அவர் மனைவி மருந்தின் ஒரு பகுதி. நோயாளி பெண்ணாக இருந்தால் யாரிடம் திரும்புகிறார்கள்? அப்போதும் அவளிடமேதான் சொல்கிறார்கள். "உங்களுக்குத் தனியா செஞ்சுக்கங்க." கூட வந்த கணவரைப் பார்த்து "ஐயா, இனிமே நீங்க மசிச்சுக் குடுங்க" என்று சொன்ன மருத்துவரை நான் பார்த்ததில்லை. பத்தியம் யாருக்கானாலும் அடுப்படி அவளுக்கு.

இங்கே ஒரு குரல் எழும் என்று எனக்குத் தெரியும். "கட்டினவருக்கு ஒரு கிண்ணம் காய் மசிச்சுக் குடுக்கிறதுக்கெல்லாமா கணக்கு? அன்பா செய்யுறது இல்லையா?" அன்புதான். நானும் அன்போடுதான் செய்தேன். ஆனால் அன்பு ஒரு பக்கமாக மட்டுமே ஓடுகிற வாய்க்காலாக இருந்தால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை 180ஐத் தொட்டால் வீடே பதறுகிறது. அவளுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. அன்பு என்றால் இந்த இரண்டு எண்ணும் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி உடம்பு.

என் அப்பாவுக்கும் சர்க்கரை, அம்மாவுக்கும் சர்க்கரை. அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துவிட்டது. அம்மா அவருக்குப் பத்தொன்பது வருஷம் பத்தியம் பார்த்துச் செய்தார். கேழ்வரகுக் களி, வாழைத்தண்டுக் கூட்டு, கோதுமை ரவை என்று காலத்துக்கு ஒன்று மாறியது. அப்பா தட்டில் சோறு குறையக் குறைய அம்மா தட்டில் ஏறியது. கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குக் காய் மிஞ்சாது, மீன் மிஞ்சாது. பானையில் சோறு மிஞ்சும். அந்த வீட்டில் மிக அதிக மாவுச்சத்துத் தின்றவர், ஊருக்கெல்லாம் சர்க்கரைப் பத்தியம் சொல்லிக்கொடுத்த என் அம்மா. வரப்பில் குத்திய முள் ஆறாமல் கால்விரல் கறுத்தபோதுதான் அம்மாவின் ரத்தத்தை முதல்முறையாகச் சோதித்தார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அப்பாவின் கூட்டை அம்மாதான் தாளித்தார், நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு.

"அம்மாவுக்கு அக்கறை இல்லை, தன்னைப் பார்த்துக்கல" என்று உறவில் சொன்னார்கள். பெண் தன்னைப் பார்த்துக்கொள்ளாததைக் குறை சொல்வதற்கு நம்மிடம் நிறைய வாய்கள் இருக்கின்றன. அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு கை இல்லை.

பெண்ணின் உடம்பை நம் ஊர் பார்க்கவே பார்க்காது என்றும் சொல்லமுடியாது. ஒரு காலத்தில் மட்டும் உற்றுப் பார்க்கும். தமிழ்நாட்டில் 2007 முதல் கருவுற்ற பெண்கள் எல்லோருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்ற அரசாணை இருக்கிறது. சென்னை மருத்துவர் வி. சேஷையா பல வருஷம் வலியுறுத்தி வந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கவனிப்பு. நாட்டுக்கே முன்மாதிரியான ஏற்பாடு. அதனால் எத்தனையோ தாய்களும் பிள்ளைகளும் பிழைத்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், அதன்பிறகும் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளை பிறந்ததும் எல்லார் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. தாயின் தட்டில் பழையபடி சோறு.

மருந்தை விட்டு மரபுக்குப் போனாலும் இதே கதை. "வெள்ளை அரிசியாலதான் சர்க்கரை. நம்ம பாரம்பரிய அரிசிக்குத் திரும்புங்க, காலிபிளவரெல்லாம் வெள்ளைக்காரன் தீனி" என்று சொல்கிற அண்ணன்கள் டெல்டாவில் நிறைய உண்டு. பழைய நெல் ரகங்களைத் தேடிக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் போன்றவர்களின் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த ரகங்களுக்கு நாம் சொல்லும் பெருமையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். மாப்பிள்ளைச் சம்பா ஆணுக்கு வலிமை தரும். பூங்கார் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் தரும். அரிசியிலும் அவனுக்கு உடம்பு, அவளுக்குக் கர்ப்பப்பை. பிள்ளை பெற்று முடித்து ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கென்று ஒரு நெல்லின் பெயர் எனக்குத் தெரிந்து இல்லை. தவிர, மாப்பிள்ளைச் சம்பாவும் அரிசிதான். நாரும் சத்தும் கூடுதல் என்பது உண்மை. தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் மாவுச்சத்தும் தட்டு நிறையத்தான். அதை முதல்நாள் இரவே ஊறவைத்து நெடுநேரம் வேகவிடுவது யார் என்று நான் மறுபடி கேட்கப் போவதில்லை.

சோற்றைக் குறைப்பது இந்த ஆற்றங்கரைப் பெண்களுக்குப் புதுச் செய்தியும் இல்லை. எங்கள் பக்கத்து அக்ரகாரங்களில் கணவனை இழந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சோறு என்று விதி இருந்தது. இரவில் பலகாரம், ஏகாதசியில் முழுப் பட்டினி. அது அவள் ஆரோக்கியத்துக்காகச் சொன்னதில்லை. சோறு தின்ற உடம்பில் ஆசை எழும் என்ற பயத்தில் சொன்னது. அன்று அவள் தட்டிலிருந்து சோற்றைப் பிடுங்கிய ஊர், இன்று அவர் மிச்சம் வைத்த சோற்றை இன்னொருத்தி தட்டில் தள்ளுகிறது. இரண்டு முறையும் அளந்து போட்டது வேறு யாரோ.

வயலில் இறங்கி நிற்கிற பெண்களைப் பற்றிப் பேசாமல் டெல்டாவில் சோற்றைப் பற்றிப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தலித் உழைப்பாளிக் குடும்பங்கள். கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டது அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அரைப்படிக்காக உயிர்விட்ட மண்ணில் நின்று "அரிசி கெட்டது, விட்டுவிடு" என்று பொத்தாம்பொதுவாகப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. நடவுக்குப் போகிறவள் விடியலில் தூக்கில் பழைய சோறு எடுத்துப் போகிறாள். முதுகு ஒடியக் குனிந்து நிற்கும் உடம்புக்கு அதுதான் எரிபொருள். 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அது பசியைத் தடுத்தது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த அளவுக்குப் பயறோ முட்டையோ அவள் வீட்டுக்கு வரவில்லை. 2019-21ன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தச்சோகை. வயிறு நிறைந்திருக்கிறது, ரத்தம் இல்லை. இவளுக்கும் இப்போது சர்க்கரை வருகிறது.

இவளிடம் போய்க் காலிபிளவர் மசியல் என்றால் சிரிப்பாள். மலையிலிருந்து லாரியில் வரும் பூ சில மாதம் 30 ரூபாய், சில மாதம் 60 ரூபாய். நாலு பேர் வீட்டுக்கு ஒன்று போதாது. "அப்ப வாழைத்தண்டு செய்யலாமே, உங்க ஊர்ல சும்மாவே கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கும். மாவுச்சத்தும் குறைவுதான். தண்டை வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டத்திலும் நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் மோரில் போட வேண்டும். வாழைப்பூ என்றால் ஒவ்வொரு பூவிலும் நரம்பு ஆய வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குச் சொல்லப்படும் எல்லாப் பதார்த்தத்திலும் நான் கண்ட விதி இதுதான்: விலை குறையக் குறைய வேலை கூடும். காசு இருக்கிற வீடு காசால் கட்டுகிறது. இல்லாத வீடு பெண்ணின் விரலால் கட்டுகிறது.

அரசு நெல்லைத்தான் விளையச் சொன்னது. 1960களில் தீவிர வேளாண்மைக்கென்று நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. ரேஷனில் வருவதும் அரிசி. அறுபது வருஷம் ஒரு நாடே சேர்ந்து தட்டில் குவித்ததை, ஒரு பெண் தனியாக, தன் அடுப்படியில், 40 நிமிஷத்தில் சரிசெய்ய வேண்டும் என்றால் அது வைத்தியமாகாது. பொறுப்பைக் கைமாற்றுவது.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவது, மருத்துவர்கள் நாற்காலியைத் திருப்ப வேண்டாம். யாருக்கு நோயோ அவரிடமே சாப்பாட்டையும் பேசுங்கள். "சமைக்கத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால், கற்றுக்கொள்வதையும் மருந்துச் சீட்டில் எழுதுங்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள ஐம்பது வயதில் கற்றுக்கொள்கிற ஆணுக்குக் காய் மசிக்கக் கற்றுக்கொள்ளவும் முடியும். அவரே சமைத்தால்தான் எதில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குப் புரியும். வெளியூர் போனாலும் தாக்குப்பிடிப்பார். மாத்திரையைச் சரிசெய்யாமல் சோற்றை மட்டும் திடீரென்று நிறுத்திவிட்டு நடுராத்திரி சர்க்கரை இறங்கி வியர்த்து எழுந்து மனைவியை எழுப்புவதும் குறையும்.

இரண்டாவது, ஒரு வீட்டுக்கு ஒரு பத்தியம். அவருக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி என்பது பெண்ணின் வேலையை இரட்டிப்பாக்கும் ஏற்பாடு. காலிபிளவரோ, கீரையோ, பூசணியோ, மசிப்பதை எல்லோருக்கும் மசியுங்கள். சோற்றை எல்லோருக்கும் ஒரு கரண்டி குறையுங்கள். வளர்கிற பிள்ளைக்கும் உடலுழைப்பு உள்ளவருக்கும் கூடுதல் சோறு இருக்கட்டும். ஆனால் காய் எல்லோர் தட்டிலும் சமமாக விழட்டும். முதலில் சமைத்தவள் தட்டில் விழட்டும். கடைசியாகச் சாப்பிடுவது என்ற பழக்கம் உடைந்தாலே பாதிப் பத்தியம் முடிந்தது.

மூன்றாவது, அரசு. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையைப் படியேறி வந்து கொடுக்கிறவர்கள் பெண் தன்னார்வலர்கள்தான். அவர்கள் படியேறி வருவதுபோலப் பயறும் முட்டையும் ரேஷன் கடைக்கு வரட்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணைப் பிள்ளை பிறந்தபின்னும் தேடி வரட்டும்.

இதைப் படிக்கிற மாணவிகளிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அப்பாவின் சர்க்கரை அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பிடும் முன் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு என்று வீட்டில் பேச்சு அடிபட்டிருக்கும். அம்மாவின் அளவு எவ்வளவு? கடைசியாக எப்போது சோதித்தார்கள்? தெரியாது என்றால் இந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாளைக் காலையில், அம்மா வெறும் வயிற்றோடு இருக்கும்போதே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அன்றைக்குக் காலை டிபனை அண்ணனோ அப்பாவோ செய்யட்டும். அம்மாவின் எண் தெரியாத வீட்டில் லோ கார்ப் பேச யாருக்கும் யோக்கியதை இல்லை.